கட்டி வந்தால் காட்டத் தயங்காதீர்கள்

வேனல் கட்டி, கண் கட்டி, அக்குள் கட்டி, பால் கட்டி, ராஜபிளவை, நகச்சுற்று... சீழ் பிடிக்கிற நோய்களுக்கு நம் தமிழில் எத்தனை பெயர்கள்! இத்தனை பெயர் இருப்பதிலிருந்தே தெரிகிறது, இவை நம் வீடுகளுக்குப் புதிதல்ல என்று. கண் இமையில் ஒரு சின்னக் கட்டி வந்தால் போதும். எதிர்வீட்டு அம்மா, பால்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அதே கட்டி ஜாக்கெட்டுக்குள்ளோ, புடவைக் கட்டுக்குக் கீழேயோ வந்துவிட்டால்? பெற்ற தாய்க்கும் தெரியாது, கட்டிய கணவருக்கும் தெரியாது. வலியை விழுங்கிக்கொண்டு, ஒருக்களித்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டு அடுப்படி வேலையைப் பார்ப்பாள் நம் வீட்டுப் பெண்.

கட்டி சாதாரண நோய்தான். பெரும்பாலும் எளிதில் குணமாகிவிடும். அதை ஆபத்தாக்குவது நாள் கடத்துவது. பெண்கள் நாள் கடத்துவதற்கு முதல் காரணம் கூச்சம். அதனால்தான் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கட்டி என்பது என்ன?

நம் தோல் ஒரு கோட்டைச் சுவர் மாதிரி. அதில் ஒரு கீறல், ஒரு முள் குத்து, அடைபட்ட மயிர்க்கால் என்று சின்ன வழி கிடைத்தாலும் கிருமி உள்ளே நுழைந்துவிடும். உடனே ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வந்து கிருமியோடு போரிடுகின்றன. அந்த இடம் சிவப்பதும், சூடாவதும், வீங்குவதும், வலிப்பதும் இந்தப் போரின் அடையாளங்கள். போரில் மடிந்த வெள்ளை அணுக்கள், கிருமிகள், சிதைந்த சதை எல்லாம் சேர்ந்த கலவைதான் சீழ். கிருமி மேலும் பரவாமலிருக்க உடம்பு அந்தச் சீழைச் சுற்றி ஒரு பை மாதிரி சுவர் எழுப்பிக்கொள்கிறது. இதுதான் கட்டி.

1880-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்பவர், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உருண்டையான கிருமிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. திராட்சைக் கொத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து அந்தக் கிருமிக்கு ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். இன்றும் தோலில் வருகிற கட்டிகளுக்குப் பெரும்பாலும் இதே குடும்பத்துக் கிருமிதான் காரணம். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் சுமார் 10 பேரில் 3 பேருடைய மூக்கினுள் இது ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது என்கிறார்கள். மூக்கைத் தொட்ட விரலால் உடம்பைச் சொறிந்தால் போதும், கிருமி இடம் மாறிவிடும்.

ஆகவே, "சுத்தமில்லாதவளுக்குத்தான் கட்டி வரும்" என்ற பேச்சை முதலில் விட்டுவிட வேண்டும். இரண்டு வேளை குளிப்பவர்களுக்கும் கட்டி வரும். இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

சூட்டினால் வருகிறதா?

"மாம்பழம் தின்னே, அதான் சூட்டுக் கட்டி" என்று சொல்லாத பாட்டி உண்டா? சித்திரை, வைகாசியில் கட்டி அதிகம் வருவது உண்மைதான். வியர்வையில் தோல் ஊறிப்போகிறது. வேர்க்குருவைச் சொறிகிறோம். இறுக்கமான உள்ளாடையும் பாவாடை நாடாவும் ஒரே இடத்தில் உராய்கின்றன. கிருமி நுழைய இதைவிட வேறு என்ன வேண்டும்? மாம்பழம் விற்கிற காலமும் அதுதான் என்பதால் பழி பழத்தின் மேல் விழுகிறது. காம்பிலிருந்து வடிகிற பால் உதட்டோரம் பட்டால் புண்ணாகும், அது வேறு விஷயம். பழத்தைக் கழுவி, அளவோடு சாப்பிடுவதால் கட்டி வந்துவிடாது.

அக்குள் முடியைப் பழைய பிளேடால் வழிப்பது, ஒருவர் துவாலையை மற்றவர் உபயோகிப்பது, கொசுக்கடியை நகத்தால் கீறுவது, சரியாகச் சுத்தம் செய்யாத ஊசியால் மருந்து போட்டுக்கொள்வது, இவையெல்லாம் காரணமாகலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தாலும் கட்டி சுலபமாக வரும். சர்க்கரை நோய், சத்துக் குறைவு, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவது ஆகியவற்றை முக்கியமாகச் சொல்லவேண்டும்.

பச்சையா, பழுத்ததா?

நம் முன்னோர்கள் கட்டியை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை, வீக்கத்தைப் பச்சை, பழுக்கிற நிலை, பழுத்த நிலை என்று மூன்றாகப் பிரிக்கிறது. பச்சையாக இருக்கும்போது கீறுவதும் தப்பு, பழுத்த பிறகு கீறாமல் விடுவதும் தப்பு என்பது அதன் கருத்து. இன்றைய அறுவை மருத்துவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

கட்டி சிறியதாக, கெட்டியாக, சிவந்து இருந்தால் அது பச்சை. இந்தச் சமயத்தில் வீட்டு வைத்தியம் செய்து பார்க்கலாம். பொறுக்கிற சூட்டில் உள்ள வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிஷம் ஒற்றடம் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். சூடு பட்டால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் அதிகமாகும். சில கட்டிகள் அப்படியே அமுங்கிவிடும், சில தானே உடைந்து வடிந்துவிடும். பாட்டிமார் அரிசி மாவுக் களி கிளறி இளஞ்சூட்டில் வைத்துக் கட்டினார்களே, அந்தக் களி சூட்டை நெடுநேரம் தாங்குவதுதான் அதன் ரகசியம். விளக்கெண்ணெய் தடவி வாட்டிய வெற்றிலையும் அப்படித்தான். தோல் கிழியாதவரை, சூடு அளவாக இருக்கும்வரை இவற்றால் கெடுதல் இல்லை.

கெடுதல் செய்பவை வேறு. சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்துப் போடுவார்கள். சுண்ணாம்பு தோலை அரித்துப் புண்ணாக்கும். எருக்கம்பாலும் அப்படியே, அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சாணத்தைப் பூசினால் தனுர்வாதக் கிருமி புகுந்துவிடும். ஊக்கால் குத்துவது, கருவேல முள்ளால் கீறுவது, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிதுக்குவது ஆகியவை எல்லாவற்றிலும் மோசம். பிதுக்கும்போது வெளியே வருகிற சீழ் கொஞ்சம்தான். பை உள்பக்கமாகக் கிழிந்து, சீழ் பக்கத்துச் சதைக்கும் ரத்தத்துக்கும் போக வழி உண்டாகிறது.

கட்டியின் நடுவில் மெத்தென்று, தொட்டால் உள்ளே தண்ணீர் அசைவது போலிருந்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தம். ராத்திரி தூங்கவிடாமல் "விண் விண்" என்று தெறிக்கும். அப்போது போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, சீழை முழுவதும் எடுத்துவிடுவார். பெரிய குழியாக இருந்தால் மருந்துத் துணியைத் திரியாக்கி உள்ளே வைப்பதுண்டு. "திரி வைக்கிறது வலிக்குமே!" என்று பலர் பயப்படுகிறார்கள். மேல்தோல் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி சீழ் கோக்கும், அடியிலிருந்து சதை வளர்ந்து வரவேண்டும் என்பதற்காகத்தான் திரி. எல்லாக் கட்டிக்கும் திரி தேவைப்படுவதும் இல்லை.

மாத்திரை மட்டும் போதாதா?

எனக்குத் தெரிந்த பலர் மருந்துக் கடையில் போய், "கட்டிக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டு நாலு மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். இது இரண்டு விதத்தில் தவறு.

முதலாவது, கட்டியைச் சுற்றி உடம்பு எழுப்பியிருக்கும் சுவருக்குள் மருந்து சரிவர நுழைய முடியாது. சீழ் நிறைந்த பையில் ரத்த ஓட்டம் இல்லை, ரத்தத்தில் வருகிற மருந்து எப்படி அங்கே போகும்? சீழை வெளியேற்றுவதுதான் முதல் சிகிச்சை, மாத்திரை அதற்குத் துணை.

இரண்டாவது, அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இந்தக் கிருமியின் சரித்திரமே அதற்குச் சாட்சி. பென்சிலினை ஃப்ளெமிங் 1928-ல் கண்டுபிடித்தது ஸ்டஃபிலோகாக்கஸ் வளர்த்த தட்டில்தான். 1941 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். முகமெல்லாம் சீழ்க் கட்டிகள், ஒரு கண்ணே போய்விட்டது. ஊசி போட்ட சில நாளில் காய்ச்சல் இறங்கி, சாப்பிடவும் ஆரம்பித்தார். உலகத்தில் அப்போது இருந்த மருந்தே கொஞ்சம். அவருடைய சிறுநீரிலிருந்து கூடப் பிரித்தெடுத்து மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து தீர்ந்தது. மார்ச் மாதம் அவர் இறந்துவிட்டார். அன்று கிடைக்காத மருந்து இன்று தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. ஆனால் கிருமி சும்மா இருக்கவில்லை. பெரும்பாலான ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளைப் பழைய பென்சிலின் இப்போது ஒன்றும் செய்வதில்லை. அதற்கு மாற்றாக வந்த மெத்திசிலினுக்கும் அடங்காத கிருமியை 1961-லேயே இங்கிலாந்தில் கண்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை, அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுவது இதனால்தான் அவசியமாகிறது.

என் பெரியம்மாவின் கதை

1994-ஆம் வருஷம். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குத் திதி என்று கிராமத்துக்குப் போயிருந்தோம். பெரியம்மாவுக்கு அப்போது 52 வயசு. நாற்பது பேருக்குச் சமையல், எல்லாம் பெரியம்மா தலைமையில். மணையில் உட்காராமல் நின்றுகொண்டே காய் நறுக்கினார்கள். நடக்கும்போது ஒரு காலைச் சாய்த்து வைத்தார்கள்.

"என்னக்கா, கால்ல என்ன?" என்று அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடி, சுளுக்கு. ரெண்டு நாள்ல போயிரும்" என்றார்கள்.

சுளுக்கில்லை. ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி. அது வந்து ஒரு வாரமாகியிருந்தது. வீட்டில் கணவர், இரண்டு வளர்ந்த மகன்கள். ஊரில் இருந்த ஒரே டாக்டர் ஆண். யாரிடம் போய் எதைச் சொல்வது? யாருக்கும் தெரியாமல் எருக்கம்பால் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். திதி முடிந்த மறுநாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். அதையும் "அலைச்சல்" என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பேச்சு குழறின பிறகுதான் வாடகைக் கார் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சீழ் தொடைவரை இறங்கி, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். அங்கே சோதித்தபோதுதான் சர்க்கரை 400-க்கு மேல் இருப்பதும் தெரிந்தது. அதுவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டு நாள் போராடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

"இத்தனை பெண்கள் இருக்கிற வீட்டில் ஒருத்திகிட்டகூடவா சொல்லலை?" என்று அங்கிருந்த நர்ஸம்மா அம்மாவைக் கேட்டாராம். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். முதல் இரண்டு மூன்று நாளில் காட்டியிருந்தால் சின்னக் கீறலோடு முடிந்திருக்கும் என்று பிற்பாடு டாக்டர் ஒருவர் எங்களிடம் சொன்னார்.

கட்டியும் சர்க்கரையும்

ஒரு கட்டி வந்து போனால் பயப்பட வேண்டாம். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று என்று மாறி மாறி வந்தாலும், முதுகிலோ பிடரியிலோ சல்லடைக் கண் மாதிரிப் பல வாயோடு பெரிய கட்டி வந்தாலும் உடனே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். இப்படிப் பல வாயோடு வருவதைத்தான் ராஜபிளவை என்கிறோம். சர்க்கரை ஏறியிருக்கும்போது வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன, கிருமிக்குக் கொண்டாட்டம். கட்டி வந்தால் சர்க்கரை இன்னும் ஏறும், ஏறினால் கட்டி ஆறாது. இரண்டையும் சேர்த்து வைத்தியம் செய்தால்தான் இந்தச் சுழலிலிருந்து மீள முடியும்.

வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்று கணக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும். டாக்டர் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்வார். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் எத்தனை பெண்கள் பெரியம்மா மாதிரி அறியாமலே இருக்கிறார்களோ! கட்டி சில சமயம் ஒரு தந்தி மாதிரி. உள்ளே இருக்கிற நோயை முன்கூட்டியே தெரிவிக்கிறது. வாங்கிப் படிக்காமல் மடித்து வைக்கலாமா?

பால் கட்டி

பிள்ளை பெற்ற முதல் சில வாரங்களில் வருவது இது. குழந்தை சரியாக வாய் வைக்காததால் காம்பு வெடித்து, அந்த வழியாகக் கிருமி போகிறது. பால் தேங்கினாலும் வரும். முதலில் மார்பில் ஒரு பக்கம் சிவந்து, குளிர் காய்ச்சல் வரும். கவனிக்காவிட்டால் சீழ்க் கட்டியாகும்.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் நாத்தனாருக்கு இப்படித்தான் நாலாவது வாரத்தில் வந்தது. நல்லவேளை, அவள் மறைக்கவில்லை. அன்று ராத்திரியே, "அண்ணி, இங்க பாருங்க, கல்லு மாதிரி இருக்கு, தொடவே முடியலை" என்று என்னிடம் காட்டினாள். என் மாமியார், "பால் கொடுக்காதே, குழந்தைக்குச் சீழ் போயிரும். மல்லிகைப்பூ வச்சுக் கட்டிப் பாலை நிறுத்திரலாம்" என்றார்கள்.

"அத்தே, காலையில டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் செய்யலாமே" என்று நான் சமாதானம் சொல்லி வைத்தேன். மல்லிகைப்பூ பாலை வற்ற வைக்கும் என்பது கட்டுக்கதை இல்லை. 1988-ல் வெளியான ஓர் ஆய்வில் மருத்துவர்களே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பால் கட்டிக்கு அது தவறான வைத்தியம். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "பாலைத் திடீரென்று நிறுத்தினால் இன்னும் தேங்கும். குழந்தை தாராளமாகக் குடிக்கலாம், ஒன்றும் ஆகாது. வலி தாங்காத பக்கத்தில் கையால் மெதுவாகப் பீய்ச்சி எடுத்துவிடுங்கள்."

ஸ்கேனில் பார்த்ததில் சீழ் கோத்திருந்தது தெரிந்தது. முன்பெல்லாம் உடனே கீறிவிடுவார்கள். இப்போது ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சி எடுக்கிறார்கள். பல பேருக்கு இதுவே போதும், தழும்பும் இல்லை. அவளுக்கு இரண்டு தடவை எடுத்தார்கள், பால் கொடுக்கிற தாய்க்கு ஏற்ற மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் சரியாகிவிட்டது. குழந்தை ஒன்றரை வயது வரை தாய்ப்பால் குடித்தது.

கைக்குழந்தைக்காரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால் கட்டியை முரட்டுத்தனமாக உருவி விடக்கூடாது, வீக்கம் கூடிவிடும். பால் கொடுத்த பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணி ஒற்றடம் வலியைத் தணிக்கும். பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்தால் வலித்தாலும் வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். அது சீழ்க் கட்டிதானா, வேறு கட்டியா என்று அவர்தான் சொல்ல முடியும்.

சொல்லக் கூசும் இடங்கள்

ஆசனவாய் ஓரத்துக் கட்டியை மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு இருந்துவிடுகிறோம். உட்கார முடியாத தெறிப்பு வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது சீழ்க் கட்டியாக இருக்கலாம். தானே உடைந்துவிட்டாலும் பல பேருக்கு உள்ளே குழாய் மாதிரி வழி ஏற்பட்டு, விட்டு விட்டுச் சீழ் வடியும். பௌத்திரம் என்பது இதுதான். அறுவை சிகிச்சையால்தான் தீரும்.

பிறப்புறுப்பின் வாயிலில் இரு பக்கமும் ஈரம் சுரக்கும் சின்னச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் வாய் அடைத்துக்கொண்டால் நெல்லிக்காய் அளவில், சில சமயம் அதைவிடப் பெரிதாகவும் வீங்கிச் சீழ் பிடிக்கும். நடக்க முடியாது. இது வந்தால் நடத்தையைப் பற்றிச் சந்தேகம் வருமோ என்று பயந்து பல பெண்கள் வாயே திறப்பதில்லை. சாதாரணக் குடல் கிருமிகளாலேயே இது வரும். மகப்பேறு டாக்டர் சின்னக் கீறலில் சரி செய்துவிடுவார். நாற்பது வயசுக்கு மேல் புதிதாக அங்கே கட்டி வந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

அக்குளிலும், தொடை இடுக்கிலும், மார்புக்குக் கீழேயும் மாதாமாதம் மாறி மாறிக் கட்டி வந்து, தழும்பும் புரையுமாக ஆகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இதனால் படும் மனவேதனை சொல்லி முடியாது. இது தனி நோய். அழுக்கினால் வருவதல்ல, ஒட்டுவதும் அல்ல. ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தோல் நோய் டாக்டரிடம் தொடர்ந்து வைத்தியம் செய்துகொள்ள வேண்டும்.

வேறு சில கட்டிகள்

மூக்கு, மேலுதடு இரண்டும் சேர்ந்த முக்கோணப் பகுதியில் வரும் கட்டியைத் தொடவே கூடாது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் மூளைப் பக்கம் தொடர்பு உள்ளவை. பல் வேரில் சீழ் பிடித்துத் தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொள்வோம். விரலுக்கு ஒரு பாதுகாப்பு, கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். சீழ் தெரிந்தால் டாக்டர்தான் வேண்டும்.

கழுத்தில் வலியோ சூடோ இல்லாமல் வீங்கி, மெதுவாகப் பழுத்து உடைவது காசநோயாக இருக்கலாம். கண்டமாலை என்று நம் பெரியவர்கள் சொன்னது பெரும்பாலும் இதைத்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், பசியின்மை என்று வீட்டு ஆண்கள் சொன்னால் கல்லீரலில் சீழ்க் கட்டியோ என்று பார்க்க வேண்டும். அசுத்தமான தண்ணீரில் வரும் அமீபாக் கிருமி இதற்கு ஒரு காரணம். குடிப் பழக்கம் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

வீட்டில் பரவாமலிருக்க

கட்டி உள்ளவருக்குத் தனித் துவாலை, தனிச் சோப்பு, தனித் தலையணை உறை. உடைந்த கட்டியைத் திறந்து விடாமல் சுத்தமான துணியால் மூடி வைக்கவேண்டும். கட்டு மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சீழ் பட்ட பஞ்சைக் காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்த வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். குழந்தைகளுக்கு நகம் வெட்டிவிடுங்கள். சீழ் பிடித்த விரலோடு சமைத்தால் அந்தக் கிருமி சாப்பாட்டில் விஷத்தை உண்டாக்கி, வாந்தி பேதியில் கொண்டு விடும். கட்டுப் போட்டு உறை மாட்டிக்கொள்ளலாம், முடிந்தால் இரண்டு நாள் வேறு யாராவது சமைக்கட்டுமே!

உடனே டாக்டரிடம் போகவேண்டிய அறிகுறிகள்

* குளிர் நடுக்கம் அல்லது 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல்.
* கட்டியைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவுதல், சிவப்புக் கோடு ஓடுதல், தோல் கறுத்தல்.
* தோலில் தெரிவதைவிட வலி பல மடங்கு அதிகமாக இருத்தல்.
* முகம், மார்பு, ஆசனவாய், பிறப்புறுப்பு, முதுகெலும்பு ஓரம் ஆகிய இடங்களில் கட்டி.
* சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்கு வரும் எந்தக் கட்டியும்.
* ஒரு வாரமாகியும் குறையாத கட்டி, திரும்பத் திரும்ப வருவது.
* மயக்கம், மூச்சு வாங்குதல், பேச்சுக் குழறல் இருந்தால் 108-ஐக் கூப்பிட ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

கூச்சத்துக்கு என்ன வழி?

"எல்லாம் சரி, ஆண் டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது?" என்று கேட்பீர்கள். பெண் டாக்டர் இருக்கிற இடத்துக்குப் போகலாம். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தை 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆண் டாக்டர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்கவேண்டும் என்பது அதிலுள்ள உரிமைகளில் ஒன்று. "நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க" என்று நீங்கள் தைரியமாகக் கேட்கலாம். வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: எங்கே, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, சர்க்கரை உண்டா. டாக்டருக்கு அது போதும்.

வீட்டிலும் இதற்குப் பழக்கம் வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணிடம் தீட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். "உடம்பில் எங்கே என்ன வந்தாலும் அம்மாகிட்ட சொல்லணும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். மருமகள் ஒருக்களித்து உட்கார்ந்தால், மாமியார் இரண்டு நாளாக நின்றுகொண்டே சாப்பிட்டால், "சுளுக்கு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, "எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். கேட்க ஒருத்தி இருந்தால் சொல்ல இன்னொருத்திக்குத் தைரியம் வரும்.